ஜப்பான் வழக்கம்

“ஏன்னா, அந்தப் பொண்கள் ஊட்டிவிட்டா சமத்தா வாயைத் திறக்கணும். மூஞ்சியைத் திருப்பிக்கப்படாது.”

வாழை இலையைத் துடைத்துக்கொண்டிருந்த ஸ்ரீநிவாசராகவன் திடுக்கிட்டு மனைவியைப் பார்த்தார். “யாரு யாருக்கு ஊட்டறது?”

“ஸ்ம்ருதியோட காலேஜ்ல தமிழ் படிக்கிற ஜப்பான் பொண்கள், ஹருகாவும் யூமியும், இன்னிக்குப் பொங்கல் சாப்பிட வர்றாளோன்னோ? விருந்துக்குப் போனா வீட்டுக்காரருக்கு ஒரு வாய் ஊட்டறது அவா வழக்கமாம். அப்புறம் புருஷனும் பொண்டாட்டியும் ஒருத்தருக்கொருத்தர் ஊட்டிக்கணுமாம். மறுத்தா பெரிய அவமானமாம்,” என்றாள் காமு.

“எச்சல்டி!”

யாராவது டம்ளரை உதட்டில் வைத்துக் குடித்தால் அன்று முழுக்க அந்த டம்ளரோடு பேச்சுவார்த்தை கிடையாது அவருக்கு. தாம்பரத்தில் அவர்கள் காலனி முழுக்க அவருடைய ஆசாரம் பிரசித்தம்.

“நம்ம கல்யாணத்துல போட்டோக்காரர் ஜாங்கிரி ஊட்டச் சொன்னப்பவும் இதையேதான் சொன்னேள். எனக்குப் பழகிடுத்து. பாவம், வர்றது குழந்தைகள். அதுகள் மனசு நோகப்படாது.”

“அப்பா, ப்ளீஸ். என் மானத்தை வாங்கிடாதே,” என்றாள் மகள் ஸ்ம்ருதி.

பெண்கள் இருவரும் வந்தார்கள். இலையில் உட்கார்ந்ததுமே ஹருகா சர்க்கரைப் பொங்கலை விரல்களால் உருட்டினாள். அவர் வாயருகே நீட்டினாள்.

“அங்கிள்... பொங்கல் வாழ்த்துக்கள்.”

பெருமாளை நினைத்துக்கொண்டு அவர் கண்ணை இறுக மூடினார். வாயைத் திறந்தார். நெய்யும் முந்திரியுமாக இறங்கியது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

அடுத்து காமு ஊட்டினாள். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருக்க, வேறு வழியில்லாமல் தன் இலையிலிருந்தே ஒரு கவளம் எடுத்து அவளுக்கு ஊட்டினார். ஸ்ம்ருதி செல்போனில் படமாக எடுத்துத் தள்ளினாள்.

காமுவின் கண் நிறைந்துவிட்டது.

“என்னடி, முந்திரி தொண்டையில மாட்டிண்டுடுத்தா?”

“இல்லேன்னா... பொங்கல் சூடு.”

விருந்தாளிகள் கிளம்பியபோது அவருக்குத் தன்னை நினைத்தே பெருமையாக இருந்தது. அந்நிய தேசத்துக் குழந்தைகளுக்காக எவ்வளவு பெரிய தியாகம்! வாசல்வரை போய் வழியனுப்பினார்.

“உங்க ஊர் வழக்கம் ரொம்ப நன்னா இருக்கும்மா.”

ஹருகா விழித்தாள். “எங்க ஊர்ல விருந்துல யாரும் ஊட்ட மாட்டாங்க அங்கிள். உங்க பொங்கல் வழக்கம்னு ஆன்ட்டிதானே போன்ல சொன்னாங்க? நேத்து முழுக்க ஹாஸ்டல்ல பழகினோம்!”

ஸ்ரீநிவாசராகவன் திரும்பிப் பார்த்தார். காமுவைக் காணோம். சமையலறையில் பாத்திரங்கள் அவசரமாக உருளும் சத்தம் கேட்டது.

மெதுவாகப் போய் நிலைப்படியில் நின்று தொண்டையைக் கனைத்தார்.

“காமு, நாளைக்குக் கனுப் பொங்கல். அதுக்கு எந்த ஊர் வழக்கம்?”