ஒரு கிராணி நாற்காலி

“வண்டிக்கூலிய எந்தப் பக்கம் போட்ட?” என்று கேட்டான் ஆம்புரோஸ்.

அர்ச்சுனன் கொஞ்சம் யோசித்தான். “கிரெடிட் பக்கம்.”

“போச்சு போ. சரக்கு வாங்க ஆன செலவுடா அது. டெபிட்லதான்லா வரும்.”

ரந்தா ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ரப்பர்த் தோட்டம் அது. ஆபீசுக்கு எதிரே, ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். சிரம்பான் இங்கிலீஷ் பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்து கணக்குப்பதிவு படித்தவர்கள். சண்டை வந்து, வெள்ளைக்காரன் ஓடி, பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு விழுந்ததில் கடைசிப் பரீட்சையை எழுதாமலே வீடு திரும்பியவர்கள். விட்டுப்போன அந்தப் பரீட்சையை இன்று காலை ஜப்பான் துரை வைத்துவிட்டார். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுத ஒரு சின்னக் கிராணி வேண்டுமாம். எழுதியது இரண்டு பேர், நாற்காலி ஒன்று.

நாற்காலி கிடைக்காதவன் கதி என்ன என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திங்கட்கிழமை லாரி வருகிறது. கல்யாணமாகாத பையன்களையெல்லாம் சயாமுக்கு ரயில்பாதை போட ஏற்றிக்கொண்டு போகிறார்கள். முன்பு போனவர்களிடமிருந்து இன்றுவரை ஒரு சேதியும் இல்லை. ஆபீஸ்காரன் மட்டும் அந்த லாரியில் ஏற வேண்டாம்.

ஆம்புரோசுக்கு அந்தக் கவலையே கிடையாது. காலையில் அம்மா அந்தோனியம்மாள் செபமாலையைக் கையில் எடுத்தபோதே, “மாதாகிட்ட வேற ஏதாச்சும் கேளும்மா, இது கெடச்ச மாதிரிதான்” என்று சொல்லிவிட்டு வந்தவன் அவன். அவளுக்கு அவனை விட்டால் வேறு பிள்ளை இல்லை. அவனை விட்டால் வேறு துணையும் இல்லை.

பரீட்சையின் அடுத்தடுத்த கேள்விகளையும் ஆம்புரோஸ் ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துப் போட்டான். ரப்பர்த் தகடு உலர்த்தும் புகைக்கூண்டின் தேய்மானத்தைக் கழித்தாயா என்றான். அப்படி ஒரு வரி இருந்ததே அர்ச்சுனனுக்கு நினைவில்லை. இரண்டு பக்கமும் கூட்டினால் ஒத்துவந்ததா என்றான், வரவில்லை. ஆம்புரோசுக்கு ஒத்துவந்தது, அதுவும் முதல் தடவையிலேயே.

அர்ச்சுனனுக்கு நிதானமாக எழுத நேரமும் இருக்கவில்லை. புதிய ஆட்சி கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்கு முன்னால் தள்ளி வைத்து வெகுநாளாகியும், அவன் வீட்டுக் கடிகாரம் வெள்ளைக்காரன் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக் கிளம்பியவன், பரீட்சை தொடங்கிய பிறகுதான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான்.

“காலத்துக்குத் தக்கபடி மாறணும்டா. துரை நேரம் எதுவோ அதுதான் நம்ம நேரம்” என்ற ஆம்புரோஸ், சட்டென்று நினைவு வந்தவனாக, “சரி, தேதியாவது போட்டியா?” என்றான்.

அர்ச்சுனன் முகம் செத்துவிட்டது. “மறந்துட்டேன்.”

தேதி போடாத கணக்கை அவர்கள் வாத்தியார் திருத்தவே மாட்டார். தூக்கி வெளியே வீசிவிடுவார். அவரிடம் வாங்கிய அடியில் ஆம்புரோசின் கைக்குத் தேதி போடுவது பழகிப்போயிருந்தது. கேள்வித்தாள் இங்கிலீஷில் இருந்ததால் பதிலையும் இங்கிலீஷிலேயே எழுதினான். வலது மூலையில் நாள், மாதம், வருடம் மூன்றையும் அழகாகச் சாய்த்து எழுதி, கீழே இரட்டைக் கோடும் இழுத்துவிட்டுத்தான் முதல் கேள்வியைப் படித்தான்.

அர்ச்சுனன் தலையைக் குனிந்துகொண்டான். பாலைக் கொட்டிக் கொட்டிக் கறுத்துப்போயிருந்த தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆம்புரோசுக்கு மனசு கேட்கவில்லை. ஜெயிக்கிற சந்தோஷத்தில் ரொம்பத்தான் சீண்டிவிட்டோமோ என்றிருந்தது. நண்பனின் தோளில் கை போட்டான்.

“பயப்படாத. நீ திரும்பி வர்ற வரைக்கும் உங்கம்மாவ நான் பாத்துக்கிறேன். எனக்குக் கெடைக்கிற அரிசியில பாதி உங்க வீட்டுக்குத்தான்.”

அதை அவன் வாய்வார்த்தையாகச் சொல்லவில்லை. மனசார நினைத்துத்தான் சொன்னான்.

ஆபீஸ் கதவு திறந்தது. போர்டிக்சனிலிருந்து வந்து துரைக்கு மொழிபெயர்ப்பாளராக இருக்கும் முருகையா படியிறங்கி வந்தார். ஆம்புரோஸ் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டான்.

“அர்ச்சுனா, நாளைக்குக் காலையில வேலைக்கு வந்துரு” என்றார் முருகையா.

ஆம்புரோஸ் சிரித்தான். “பேர மாத்திச் சொல்றீங்கண்ணே.”

முருகையா சிரிக்கவில்லை. அவன் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில் சொன்னார்: “நான்தான் தம்பி திருத்துனேன். ஒன் கணக்குல ஒரு தப்பு இல்ல. அவன் கணக்குல பாதிக்கு மேல தப்பு. ஆனா தொர கணக்கப் பாக்கவே இல்லியே. மூலையில ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்து மூணுன்னு கோடு போட்டு எழுதியிருக்க பாரு, அதப் பாத்துட்டு ஒன் பேப்பரக் கிழிச்சுட்டாரு. ஜப்பான்காரன் கணக்குல இது ரெண்டாயிரத்து அறுநூத்து மூணாம் வருஷம். வெள்ளைக்காரன் வருஷத்த எழுதுறவன் இங்க வேணாம், திங்கக்கெழம லாரியில ஏத்துன்னுட்டாரு.”

ஆம்புரோஸ் நின்றது நின்றபடியே நின்றான். அர்ச்சுனன் எழுந்து அவன் தோளில் கை போட்டான்.

“ஒங்கம்மாவ நான் பாத்துக்கிறேன்டா” என்றான், தேதியே போடாத அர்ச்சுனன்.