மதிலோரம் மூன்று மெழுகுவத்தி

மாமனார் கல்லறைக்குப் பூப்போட்டு முடித்ததும், முந்தானையில் சுருட்டி வைத்திருந்த மூன்று மெழுகுவத்திகளோடு ஜெசிந்தா மதிலோரம் நடந்தாள். பேத்தியை இடுப்பில் வைத்திருந்த மாமியார் சூசையம்மாள் அதைப் பார்த்துவிட்டாள்.

கல்லறைத் திருநாள் கூட்டத்தில் வேறு யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பக்கம் அவர்கள் சொந்தம் ஒருவரும் இல்லை. ஜெசிந்தாவைப் பெண் கேட்டு அலைந்து, பிறகு விபத்தில் போன போர்வெல் ரிக் வண்டி டிரைவர் பவுல்ராஜ்தான் அங்கே புதைந்து கிடந்தான்.

சூசையம்மாள் பின்னாலேயே போனாள். கொஞ்ச நாளாகவே மருமகள் சரியாகச் சாப்பிடுவதில்லை, புருஷன் இருதயராஜோடு பேசுவதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்து, அவன், “போதுமுங்க, இனி வேண்டாம்” என்று வைத்த நாளிலிருந்து இப்படித்தான். இன்னொரு குழந்தைக்கு ஆசைப்படுகிறாள், சரியாகிவிடும் என்று அவன் சொல்லியிருந்தான்.

மெழுகுவத்தி எரிகிற இடத்தில்தான் ஃபாதர் நின்று தீர்த்தம் தெளிப்பார். இரண்டு வரிசை தள்ளி வந்துகொண்டிருந்தார். அதற்குள் ஏற்றியாக வேண்டும். ஆற்றுக் காற்று தீக்குச்சியை அணைத்துக்கொண்டே இருந்தது.

“செத்தவன் மேல இன்னும் என்ன பாசம், புள்ள? எம் பையன் காதுல உழுந்தா என்னாகும்?”

ஜெசிந்தா பவுல்ராஜின் சிலுவையைத் தாண்டிப் போய், புல் மட்டும் முளைத்திருந்த வெறும் தரையில் மண்டியிட்டாள். மூன்றையும் நெருக்கமாக நட்டுக் கையால் காற்றை மறைத்து ஏற்றினாள்.

சூசையம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. அங்கே யாரையும் புதைத்ததில்லை. குழந்தை வந்த வழியை நினைத்து இன்னும் மருகுகிறாளோ என்று தோன்ற, குரல் இறங்கியது.

“டெஸ்ட் டியூப் வேண்டாமுன்னுதான் ஃபாதர் சொன்னாரு. கருவான நிமிசமே அது ஒரு உசுரு, ஆஸ்பத்திரியில வெச்சு உண்டாக்கக் கூடாதுன்னாரு. நீங்க கேக்கலை. அப்பறம் அவரேதான் இவளுக்கு ஞானஸ்நானமுங் குடுத்தாரு. இன்னும் என்ன கண்ணு?”

ஜெசிந்தா சுடரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அழுகைகூட இல்லை.

ஃபாதர் வந்து நின்றார். மூன்று சுடருக்கும் முன்னால் தீர்த்தம் விழுந்தது. வெறும் தரையைப் பார்த்துத் தயங்கி, யாருக்காக ஜெபிக்க வேண்டும், பெயரைச் சொல்லம்மா என்றார்.

ஜெசிந்தா மாமியார் இடுப்பிலிருந்த மகளைக் காட்டினாள்.

“பேரு வைக்கலைங்க ஃபாதர். இவளோட கூடவே உண்டானவங்க, மூணு கருவா ஆஸ்பத்திரி ஐஸ்ல இருந்தாங்க. இவ அப்பாதான் போன்ல வேண்டாமுன்னு அழிக்கச் சொல்லிட்டாருங்க.”