வெட்டி எறிந்த பாட்டு

பாட்டுப் படம் என்றாலே ஹாலிவுட்டில் கூட்டம் காறித் துப்பிய வருஷம் அது. எங்கள் தயாரிப்பாளர் ப்ரூயிட், எடுத்த படத்தைப் பார்க்காமலேயே, எடிட்டரான என்னிடம், “பாட்டு ஆட்டம் அத்தனையும் வெட்டு லொரீன், காமெடி மட்டும் போதும்” என்றார். ஆடிய பெண்களை அன்றே துரத்தினார். நான் வயிறெரிந்துகொண்டே வெட்டினேன். வெட்டிய பிலிமை எரித்தேன்.

கிளெண்டேல் தியேட்டரில் முதல் காட்சி. பாட்டு இருந்த இடம் வந்தது. திரையில் நாயகி சத்தமில்லாமல் காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

“மறுபடியும் பாட்டா? நிறுத்துங்கய்யா!” என்று கூட்டம் கத்தியது. முன்வரிசைக்காரர் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார்.

ப்ரூயிட் என்மேல் பாய்ந்தார். “ஏன்டி, வெட்டலையா நீ?”

“கண்ணு இருக்குல்ல? பாட்டு எங்கன்னு நீங்களே காட்டுங்க!”

அவர் திரையைப் பார்த்தார். பல்லைக் கடித்தார். அவர் பார்த்தேயிராத அந்த ஆட்டத்தின் தாளத்தை, அவருடைய பூட்ஸ் கால் பிசகாமல் தட்டிக்கொண்டிருந்தது.