முன்னால் போன சிவப்புச் சட்டை

"ஏங்க, இந்த வழியா ஒரு அம்மா சைக்கிள்ல போனாங்களா? சிவப்புச் சட்டை, தலையில ஹெல்மெட்."

டீக்கடைக்காரர் வடிகட்டியைத் தட்டிக்கொண்டே யோசித்தார். "சிவப்புச் சட்டை ஒண்ணு போச்சு. அம்மாவா ஐயாவான்னு யாரு பார்த்தா? அரை மணி இருக்கும். நல்ல வேகம்."

கணக்கு வாத்தியார் சாலையை எட்டி எட்டிப் பார்த்தார். ஆற்றங்கரையோடு பன்னிரண்டு நாள் சைக்கிள் பயணம் என்று ஆசை காட்டி மனைவியைக் கூட்டி வந்தவரே அவர்தான். ஏழாம் நாளே ஆளைத் தொலைத்துவிட்டு நிற்கிறார்.

நேற்று சாயங்காலம் விடுதி வாசலில் சண்டை. "நான் பின்னாடி வர்றேனா, விழுந்து கிடக்கிறேனான்னு ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தீங்களா? நாளைக்கு நான் தனியாப் போய்க்கிறேன்" என்றாள்.

"போயேன், யாரு பிடிச்சு வச்சிருக்கா?" என்று இவரும் சொல்லித் தொலைத்தார். வாய் சும்மா இருந்தால்தானே!

காலையில் கண் விழித்தபோது மணி ஒன்பது. அவளும் இல்லை, அவள் சைக்கிளும் இல்லை. மூட்டை முடிச்செல்லாம் எப்போதும் இவர் சைக்கிளில்தான். அவளிடம் ஒரு சின்னப் பை, இரண்டு பேர் போனும் அதற்குள். "அம்மா அப்பவே சைக்கிளை எடுத்துட்டுக் கிளம்பிட்டாங்களே சார்" என்றார் விடுதிக்காரர். பல்கூட விளக்காமல் வாத்தியார் விரட்ட ஆரம்பித்தவர்தான்.

"கொஞ்சம் உங்க போனைக் குடுங்களேன்."

டீக்கடைக்காரர் கொடுத்தார். அடித்தால், அவள் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறாள். பொறுத்துப் பார்த்து மறுபடி அடித்தார். அப்போதும் பேச்சுதான்.

"அவங்க அம்மாகிட்ட என் வண்டவாளத்தைத் தண்டவாளத்துல ஏத்திக்கிட்டு இருக்கா."

"அட, ஒரு டீயைக் குடிச்சிட்டுப் போங்க சார்."

"டீயாவது ஒண்ணாவது! ஆறு மணிக்குக் கடைசிப் படகு. அக்கரையில ரயில் நிலையம். ஏறிட்டான்னா நேரே அம்மா வீடுதான். அப்புறம் நான் கால்ல விழுந்தாலும் வர மாட்டா."

மறுபடி மிதித்தார். எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. மூட்டைகள் ஆளைப் பின்னால் இழுத்தன. ஒரு வளைவில் தூரத்தில் சிவப்பாக ஏதோ தெரிந்தது, அடுத்த வளைவில் மறைந்தது. மணியை அடித்தார், கத்தினார். காற்று கேட்டால்தானே.

ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் படகுத்துறை வந்தது. வரிசையின் கடைசியில் சைக்கிளைப் பிடித்தபடி அதே சிவப்புச் சட்டை! வாத்தியார் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்.

"மன்னிச்சிடும்மா! இனிமே நீ முன்னாடி போ, நான் பின்னாலயே வர்றேன்!"

சிவப்புச் சட்டை திரும்பியது. முழ நீளத் தாடி. "யாருங்க நீங்க?"

வாத்தியார் தரையில் உட்கார்ந்துவிட்டார். டிக்கெட் கொடுக்கிற பெண் கூண்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மூட்டை முடிச்சோட சைக்கிள்ல வர்ற வாத்தியார் நீங்கதானா? நல்லவேளை, படகுல ஏறிடாதீங்க. உங்க வீட்டம்மா ஆத்தோரத்துல இருக்கிற விடுதி, படகுத்துறை எல்லாத்துக்கும் போன் போட்டுத் தேடிக்கிட்டே, காலையிலேருந்து உங்க பின்னாடிதான் மிதிச்சு வர்றாங்க."

"பின்னாடியா? அவ எனக்கு முன்னாடியே கிளம்பிட்டாளே!"

"கடைவீதிக்குல்ல போயிருந்தாங்க! பின்னாடி வர்றவங்க தெரியற மாதிரி, உங்க சைக்கிளுக்கு ஒரு கண்ணாடி வாங்க."