விலாங்கு கட்டிய வாட்ச்

"இந்த வாட்சை நான் கடையில வாங்கல தம்பி. ஒரு விலாங்கு மீன் இடுப்புல கட்டிக்கிட்டு வந்துச்சு. கழட்டி வாங்கிக்கிட்டு அதை அனுப்பிட்டேன்" என்றார் அமிர்தசாமி.

பெலிக்ஸ் சிரிக்கவில்லை. பாண்டிச்சேரிக்காரர். பழைய ராணுவ வாட்சுகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவர். அசலா போலியா என்று யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் போவார்கள். வாட்சை மோந்து பார்த்தே அதைக் கட்டியிருந்த சிப்பாயின் பெயரைச் சொல்லிவிடுவார் என்று அமிர்தசாமி தெரு முழுக்கப் பரப்பி வைத்திருந்தார்.

பெலிக்ஸை வரவழைத்தது என்னவோ அமிர்தசாமியின் மனைவி ரோஸ்லின்தான். மரக்காணம் உப்பளத்தில் முப்பத்தாறு வருஷம் மேஸ்திரியாக இருந்த அமிர்தசாமிக்கு, ஓய்வு பெற்ற நாளிலிருந்து கைக்கு வேலையில்லை. மொத்த வேலையையும் வாய் எடுத்துக்கொண்டது.

"போன மாசம் ஒரு கொக்கு உப்பு மூட்டையைத் தூக்கிக்கிட்டுப் பறந்துச்சாம். அதுக்கு முன்னாடி நிலா வெளிச்சத்துலயே உப்பு விளைஞ்சுதாம். வர்ற ஞாயித்துக்கிழமை பேத்திக்கு ஞானஸ்நானம். சம்மந்தி வீட்ல அறுபது பேர் வர்றாங்க. இந்த விலாங்குக் கதையும் பொய்யின்னு நீங்க சொல்லிட்டா, விருந்துல இவர் வாயைத் திறக்கறது சாப்பிட மட்டுந்தான். மாதா மேல சத்தியம் பண்ணியிருக்காரு" என்றார் ரோஸ்லின் பெலிக்ஸிடம்.

அமிர்தசாமி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அறுபது பேர் எதிரில் இருக்க, முழுசாக ரெண்டு மணி நேரம் பேசாமல் உட்காருவதா? அதற்கு உச்சி வெயிலில் உப்புப் பாத்தியில் வெறுங்காலோடு நிற்கலாம்.

"நடந்ததைக் கேளுங்க தம்பி. உப்பளத்துப் பக்கம் சும்மா போயிருந்தேன். பாத்திக்குக் கால்வாய்த் தண்ணியைத் திறந்து விட்டாங்க. தண்ணியோட மீனும் வரும். மதகு வாயில கூடையை வெச்சேன். என் தொடை தண்டி விலாங்கு! இடுப்புல வாட்ச்! என்னைப் பார்த்துச்சு, குனிஞ்சு டைம் பார்த்துச்சு..."

"டைம் பார்த்துச்சா?"

"எங்கயோ போகணும் போல. லேட்டாயிடுச்சுன்னு அதோட முகமே வாடிப்போச்சு."

ரோஸ்லின் தலையில் அடித்துக்கொண்டார். பெலிக்ஸ் வாட்சை வாங்கித் திருப்பினார். பின்மூடியில் ஓர் அம்புக்குறி, அதன் கீழே 1944. பார்த்த மாத்திரத்தில் அவர் நெற்றி வேர்த்துவிட்டது.

"பார்த்தியா ரோஸ்லின், அசந்து போயிட்டாரு! வெள்ளைக்கார ராணுவத்து அம்புக்குறி!"

"போலி" என்றார் பெலிக்ஸ். "அசல்ல இதை அச்சு வெச்சு அடிச்சிருப்பாங்க. மூணு கோடும் ஒரே ஆழமா இருக்கும். இது கையால கீறினது. பெரியவரே, நெசத்தைச் சொல்லுங்க. இதை யார் குடுத்தா?"

"விலாங்கு..."

"விலாங்கை விடுங்க! அனுமந்தைக் குப்பத்து ஆள் யாராவது குடுத்தாங்களா? படகுக்காரனா?"

"ஏம்பா, விலாங்குன்னா விலாங்குதான். அதுக்கு ஊர் பேரு, இன்ஷியல் எல்லாமா கேட்டு வைப்பேன்?"

"நடக்கவே நடக்காது. இந்த வாட்சாவது, விலாங்காவது!"

"போதும் தம்பி" என்றார் ரோஸ்லின். "ஞாயித்துக்கிழமை இவர் வாய்க்குப் பூட்டு."

அமிர்தசாமி விடுவதாக இல்லை. "இரு இரு. வாட்ச்தானே போலி? விலாங்கு அசல்! பந்தயம் விலாங்கு மேலதான். அதுவுமில்லாம, மூடியைத் திறக்காமலே போலிங்கறாரு. உள்ள அசல் மிஷின் இருந்தா? சம்மந்தியோட அண்ணன் மிலிட்டரியில இருந்தவரு. ஞாயித்துக்கிழமை அவர்கிட்டயே காட்டிடறேன்."

"ஐயோ, யார்கிட்டயும் காட்டாதீங்க!" பெலிக்ஸ் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "உள்ள இருக்கறது லேடீஸ் வாட்ச் மிஷினுங்க. ஆடாம இருக்கறதுக்குப் பச்சை ரீசார்ஜ் கார்டை வெட்டி அண்டை குடுத்திருக்கும். போதுமா?"

அமிர்தசாமி பேனாக்கத்தியை விட்டு நெம்பினார். மூடி எகிறி விழுந்தது. சுண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு லேடீஸ் மிஷின். அதைச் சுற்றிப் பச்சை ரீசார்ஜ் கார்டு.

"அடேங்கப்பா! வெள்ளைக்காரன் நாப்பத்தி நாலுலயே ரீசார்ஜ் பண்ணியிருக்கான்!" என்று கைதட்டினார் அமிர்தசாமி. உள்ளுக்குள் மட்டும் அறுபது பேரும் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

ரோஸ்லின் சிரிக்கவில்லை. வாட்சைப் பார்த்தார். பெலிக்ஸைப் பார்த்தார்.

"மூடி திறக்கறதுக்கு முன்னாடியே கலர் வரைக்கும் சொன்னீங்களே தம்பி. எப்படி?"

பெலிக்ஸ் கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"ஐயாவைப் பேச விடுங்கம்மா, அவர் சொல்றது நெசந்தான்" என்றார் மெல்ல. "இந்த அம்புக்குறியைக் கீறினதே நான்தான், வித்த இடத்துல குட்டு உடைஞ்சுபோச்சு, போன வருஷம் அனுமந்தையில படகு பிடிச்சுப் போய், கடல்ல வலைகூட எட்டாத ஆழத்துல என் கையாலயே தூக்கிப் போட்டேன்... விலாங்கைத் தவிர வேற யாரு கொண்டாந்திருக்க முடியும்?"