ஒரு மணிக் கேள்வி

தட்டும் ஒவ்வொரு எழுத்துக்கும் வாடகை கேட்ட கம்பெனி மென்பொருளைத் தூத்துக்குடி துறைமுக அலுவலகம் ஒருவழியாக ஏறக்கட்டிவிட்டு, இலவசமானதற்கு மாறியது. உலகமெங்கும் ஆர்வலர்கள் கூடிச் செய்வது அது. யார் வேண்டுமானாலும் அதில் கைவைக்கலாம். துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கும் ராயப்பனின் மனைவி செலினும் கைவைத்தாள். வேலையில் உட்கார்ந்தால் பசியே தெரியாத மனுஷனுக்காக, மதியம் ஒரு மணிக்குத் திரையில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கும்படி ஒரு வரி சேர்த்தாள். பொதுச்சொத்து அல்லவா, அது அவரவர் மொழியில் உலகத்தையே கேட்க ஆரம்பித்துவிட்டது.

அவள் அண்ணனின் புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு ராயப்பன் வராமல் போன அன்று, கோபத்தில் அந்த வரியைத் தூக்கிவிட்டாள்.

மறுநாளே முறையீடுகள் குவிந்தன. பெரு நாட்டு மீன் வியாபாரி ஒருவர், "எங்கள்மேல் ஏதாவது வருத்தமா?" என்று எழுதியிருந்தார். நார்வேயில் ஒரு நர்ஸ் அழாத குறை. செலின் மசியவில்லை.

அதற்கடுத்த நாள் காலையில், தூத்துக்குடியிலிருந்து பேர் போடாமல் ஒன்று வந்தது: "நேத்து யாரும் கேக்கல. நானும் சாப்பிடல."

"வீம்பப் பாரேன் இந்த மனுசனுக்கு!" என்று சிரித்தபடி செலின் அந்த வரியைத் திரும்பச் சேர்த்தாள். சோற்றையும் மீன்குழம்பையும் கேரியரில் அடைத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது அலுவலகமே சாப்பிட எழுந்து போயிருந்தது. ராயப்பனின் திரையில் மட்டும் கேள்வி அப்படியே நின்றது.

"பதில் சொல்லலையா?"

"கேட்டவ வரட்டும்னு இருந்தேன்" என்றார் ராயப்பன்.