ஏழுக்கு நேரே ஒரு கோடு

கூரைக் குழாயில் மாட்டியிருந்த கொக்கித் தராசில் பெட்டி தொங்கியது. முள் ஏழைத் தாண்டிப் போய் நின்றது.

“முந்நூறு கிராம் ஜாஸ்தி,” என்றார் தேவநாதன்.

எதிரே நின்ற மகள் அறிவுமதியின் முகம் விழுந்துவிட்டது.

பெட்டி என்றால் சாதாரணப் பெட்டி இல்லை. மேசையை அடைத்துக்கொண்டு கிடந்த ஒரு கம்ப்யூட்டர் மொத்தமும் அதற்குள் இருந்தது. மூடியைத் திறந்தால் திரை. திரைக்குப் பின்னால் போர்டு, அதை ஒட்டிப் படுக்கவைத்த கிராஃபிக்ஸ் கார்டு, மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பவர் சப்ளை. காற்று போக இரண்டு பக்கமும் பொடிப்பொடியாகத் துளைகள். ஒவ்வொன்றும் தேவநாதன் தன் கையால் போட்டது.

கடலூரில் பட்டறை. செம்மங்குப்பத்து ஆலைகளுக்கு எலக்ட்ரிக் பேனல் பெட்டி செய்து கொடுப்பதுதான் அவர் தொழில். ஆள் உயரத்துக்குப் பெட்டி செய்து பழகிய கை. மடியில் வைக்கிற பெட்டி இதுதான் முதல்.

மகள் சிதம்பரத்தில் அம்மாவோடு இருந்தாள். அவரும் பெண்சாதியும் பிரிந்து ஆறு வருஷமாகிறது. மகளுக்கு அனிமேஷன் வேலை. அந்தக் கம்ப்யூட்டரை விட்டு நகர முடியாமல் கடலூருக்கு வருவதே நின்றுபோயிருந்தது. வந்தால் பொங்கல், விட்டால் தீபாவளி.

அப்படி இருந்தவள் ஒரு சனிக்கிழமை திடீரென்று வந்து நின்றாள்.

“தூக்கிட்டுப் போற மாதிரி ஒரு பொட்டி செஞ்சி குடுப்பா. வாராவாரம் பஸ்ஸுல மடியில வெச்சி எடுத்தாந்துடுவேன். இங்கயே உக்காந்து வேலை பாப்பேன்.”

சொல்லிவிட்டு ஒரு காகிதத்தை நீட்டினாள். நீளம் ஐம்பத்தைந்து சென்டிமீட்டர், உயரம் முப்பத்தைந்து, அகலம் இருபத்தைந்து. எடை ஏழு கிலோ. ஏழுக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு இழுத்திருந்தாள்.

தேவநாதன் அந்தக் காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். சரிம்மா என்றார்.

மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் பக்கத்தில் இருக்கக் கொடுத்துவைக்காத மனிதர் அவர். இனி வாராவாரம் வருவேன் என்று அவளே சொல்லும்போது, பெட்டியை ஒரே மூச்சில் முடித்திருக்க வேண்டாமா? இரண்டு வாரத்து வேலை. ஒன்பது வாரம் இழுத்தார்.

முதலில் இரும்புத் தகட்டில் செய்தார். கனம் என்று தூக்கிப் போட்டுவிட்டு அலுமினியத்தில் செய்தார். மடிப்பு அரை மில்லி கோணல் என்று அதையும் பிரித்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் வந்து அளவு பார்க்க வேண்டியிருந்தது. வந்தால் மத்தியானம் மீன் குழம்பு. காலையிலேயே தேவனாம்பட்டினம் போய் மீன் வாங்கி வந்து அவரே வைப்பார். உப்பு கூடிப்போன நாளிலும் அவள் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். அந்த ஒன்பது வாரம் மனுஷனுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

கூட வேலை பார்க்கும் அய்யனாருக்குத்தான் பொறுக்கவில்லை. “இன்னா மாமா, கோயில் தேரா செய்றீங்க?” என்று கேட்டேவிட்டான். தேவநாதன் சிரித்துவிட்டு ஸ்குரூ தேடப் போனார்.

இப்போது தராசில் முந்நூறு கிராம் கூடுதலாக நிற்கிறது.

“பரவால்லப்பா,” என்றாள் அறிவுமதி, அவர் முகத்தைப் பார்க்காமல். “அடுத்த சனிக்கிழமை வந்து எடுத்துக்கறேன்.”

இன்னும் ஒரு சனிக்கிழமை. தானாகக் கைக்கு வருகிறது. உம் என்று சொன்னால் போதும்.

தேவநாதன் பெட்டியை இறக்கிக் கீழே வைத்தார். அதன் தலையில் இரும்புக் கைப்பிடி ஒன்று இருந்தது, பேனல் கதவுக்குப் போடுகிற கெட்டிக் கம்பி. போன வாரம் அவரேதான் போட்டார். அலுமினியக் கம்பி இருக்கும்போது இது எதுக்கு மாமா என்று அய்யனார் அன்றைக்கே கேட்டான்.

நான்கு ஸ்குரூவையும் கழற்றினார். கைப்பிடி தரையில் விழுந்து உருண்டது. மூலையில் கிடந்த நைலான் நாடாவை வெட்டி, இரண்டு முனையிலும் ஓட்டை போட்டு முடுக்கினார். ஒரு ஸ்குரூவை இரண்டு முறை கீழே போட்டார்.

மறுபடி தொங்கவிட்டார். முள் ஏறி, ஆடி, தராசின் முகத்தில் ஏழுக்கு நேரே இருந்த சிவப்புக் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது.

அறிவுமதி அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். “எனக்காகப் போட்டியாப்பா?”

“ஆமாம்மா.”

அவள் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசல் வரை போனவள் திரும்பினாள். “அப்ப சனிக்கிழமை வந்துடறேன்ப்பா.”

அவர் தலையை ஆட்டினார். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே வந்து தராசைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அந்தக் கோடு இப்போது போட்டதில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் சிதம்பரம் வீட்டில், தேவநாதன் மஸ்கட் போகிற விமானத்தில் கையோடு எவ்வளவு எடை விடுவார்கள் என்று நாலு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர் மனைவி தில்லையம்மாள் நகப்பூச்சைத் தொட்டுப் போட்டது. மகளின் காகிதத்தில் இருந்த நீளமும் உயரமும் அகலமும்கூட அப்போதிருந்தே அவருக்கு மனப்பாடம். மகள் எந்த ஊருக்கு விமானம் ஏறுகிறாள் என்பதுதான் தெரியவில்லை.

அன்றைக்குப் பையோடு கிளம்பியவர் ஊரோடு வந்து சேரப் பதின்மூன்று வருஷமானது. கிளம்பும்போது நாலு வயசு அறிவுமதி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். எங்கப்பா போற என்றாள்.

கடலூருக்குத்தாம்மா, சனிக்கிழமை வந்துடறேன் என்று சொல்லிவிட்டுத்தான் அவர் படியிறங்கினார்.